இரண்டாவது குரல்

ஜெபசிங் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, தூத்துக்குடி உப்பளங்களுக்கு அப்பால் கிடக்கும் பொட்டலில், அவர் தன் மனைவியிடம், "இறக்கை?" என்று கேட்டார்.

பியூலா குனிந்து ட்ரோனின் நான்கு இறக்கைகளையும் விரல் நுனியால் ஓரம் ஓரமாகத் தடவினாள். கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. ஒவ்வொன்றையும் பிடித்து அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

"சரி."

"மோட்டார்?"

மோட்டார்களைக் கையால் மெதுவாகச் சுற்றிவிட்டாள். உப்புக் காற்றில் பறக்கிற பொருளுக்கு முதல் எதிரி மோட்டாருக்குள் போய் உட்காரும் உப்புத்தூள்தான். முந்தின நாள் சாயந்திரமே தூரிகையால் தட்டித் துடைத்து வைத்திருந்தாள். நான்கும் நறநறக்காமல் சுற்றி நின்றன.

"சரி."

"கேமரா?"

தூரத்தில் ஒரு நாய் உப்புக் குவியலின் மேல் ஏறி நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. பியூலாவின் கண் அதன் மேல் இருந்தது. கேமராவின் மூடியைக் கழற்றினாளே தவிர கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"சரி," என்றாள்.

"த்ச்," என்று நாக்கைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஜெபசிங்கின் குரல், "பொறு," என்றது.

பியூலாவுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியின் நடுவில் கட்டைவிரல் ரேகை அப்பியிருந்தது.

பேய் என்று நினைத்துவிட வேண்டாம். பேயாக இருந்தால் போதகரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணி விரட்டியிருக்கலாம். குரல் வந்தது கார் பானெட்டின் மேல் இருந்த, சாப்பாட்டு டப்பா அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டியிலிருந்து. அதைச் செய்து அன்றுதான் முதல்முறையாகக் கொண்டுவந்திருந்தவன் கிருபாகரன், ஜெபசிங்கின் தம்பி. பத்தடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"கிருபா, இதுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது? இதுக்குள்ளயும் கேமரா வச்சிருக்கியா?"

"கண்ணே கிடையாது மைனி. காது மட்டும்தான்."

"அப்புறம் எப்படி?"

"உங்க குரலை வச்சுத்தான். தொட்டுப் பாத்துட்டு நீங்க சொல்லுத சரி வேற, ஒரு பேச்சுக்குச் சொல்லுத சரி வேற. ரெண்டுக்கும் நடுவுல மயிரிழை வித்தியாசம் இருக்கு. நம்ம காதுக்குப் பிடிபடாது. அண்ணன் காதுக்குப் பிடிபட்டிருக்கு. ஆறு வருசப் பதிவுல அவன் எங்கெல்லாம் பொறுன்னு சொல்லியிருக்கானோ, அதுக்கு முந்தி நீங்க சொன்ன சரி எல்லாம் ஒரே ஜாடை. பெட்டி அதைத் தானா கண்டுபிடிச்சிருக்கு. சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல."

பியூலா முந்தானையால் அந்த ரேகையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். செத்தவர் பேசுகிறாரே என்று அவள் பயப்படவில்லை. பேச வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டு வந்தாள்! அவளுடைய சரிகளில் எது நிஜம், எது பொய் என்று இதற்குத் தெரியுமாம். அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த நினைப்புத்தான் அவளைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் அவள் யாரிடமும் சொல்லாத ஒரு பொய்ச் சரி இருந்தது.

பொழுதுபோக்குக்கு ட்ரோன் விடுகிறவர்கள் பெருத்துப்போய், கல்யாணப் பந்தலிலும் பள்ளிக்கூடக் கூரையிலும் அவை வந்து விழத் தொடங்கிய பிறகு, அரசாங்கம் ஒரு விதி போட்டிருந்தது. பறப்பதற்கு முன் சோதனைப் பட்டியலை ஒருவர் வாசிக்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இரண்டு வெவ்வேறு குரல்கள் ரிமோட்டில் பதிவாகாமல் மோட்டார் சுற்றாது. தனி ஆளாக இருந்தால் சோம்பேறித்தனம் வரும், இரண்டு பேர் என்றால் ஒருவருக்கு ஒருவர் பயந்து ஒழுங்காகச் செய்வார்கள் என்பது அதிகாரிகளின் யோசனை. புருஷன் பெண்டாட்டியைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

ஜெபசிங்குக்கு அந்த விதி வெல்லம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பட்டியல் வாசிக்காமல் பாரம் தூக்கினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர். வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போதுகூட, "டியூப்?" என்று கேட்பார். "ஆமாங்க, இருக்கு, உங்க தோசை கருகப்போகுது," என்பாள் பியூலா. பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பொட்டல், ஒன்பது மணிக்குக் கோயில் என்று ஆறு வருடம் ஓடியது. அவர் வாசிப்பார், அவள் தொட்டுப் பார்ப்பாள். அவள் கவனம் பிசகினால் நாக்கைத் தட்டிவிட்டு, "பொறு," என்று எழுந்துவந்து தானே பார்ப்பார். பட்டியலில் இல்லாத ஒரே வார்த்தை அதுதான்.

பிறகு அந்தச் சண்டை வந்தது. பியூலாவின் அம்மா இறந்து ஒரு வருடம் ஆனதற்கு நாகர்கோவிலில் ஜெபக்கூட்டம் வைத்திருந்தார்கள். வருகிறேன் என்று சொன்ன ஜெபசிங், கடைசி நாளில் கப்பல் வந்துவிட்டது, லீவு இல்லை என்று கையை விரித்துவிட்டார். "உங்க வீட்டு ஆளுன்னா போயிருப்பீங்கல்லா?" என்றாள் பியூலா. அவரும் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அதோடு பேச்சு நின்றுபோனது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள்! சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தம்தான் அவளுடைய பேச்சு. செருப்பைப் போடுகிற சத்தம்தான் அவருடைய பேச்சு. யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில் இருவருக்கும் அப்படி ஒரு ரோஷம்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்காகப் பறக்காமல் இருக்க முடியுமா? காரில் பேசாமல் வந்தார்கள். பட்டியலில் உள்ள வார்த்தைகளைப் பேசினால் அது பேச்சில் சேராது என்று இருவருமே எழுதாத ஒப்பந்தம் போட்டுக்கொண்டதுபோல், அவர் வாசித்தார், அவள் சரி சொன்னாள். "பேட்டரி?" என்று கேட்டபோது அவள் அதைக் கழற்றிச் சமதளத்தில் வைத்து, நான்கு மூலையையும் அழுத்தி, வீங்கியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அவள் கழற்றவே இல்லை. முந்தின நாள் முழுக்க அது வெயிலில் நின்ற காருக்குள் கிடந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். உள்ளே கொதித்துக்கொண்டிருந்த எரிச்சலில் மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சரி," என்றாள். "காத்து?" என்று அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

ஏழாவது நிமிடம் ட்ரோன் சக்தியிழந்து, யாருக்கோ சொந்தமான உப்புப் பாத்தியில் இறங்கி மூழ்கியது. எங்கே விழுந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து போய்த்தான் எடுப்பார்கள். அன்று "வா" என்று அவர் கூப்பிடவில்லை, "வருதேன்" என்று அவளும் காரிலிருந்து எழுந்திருக்கவில்லை. பாத்தியின் ஓரத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் வயர் ஒன்று அறுந்து உப்புநீருக்குள் கிடந்திருக்கிறது. அவர் காலை வைத்தார். அவ்வளவுதான்.

பேட்டரி உப்புநீரில் ஊறி, முன்னாலேயே வீங்கியிருந்ததா என்று தெரியாதபடி பாழாய்ப்போனது. விதி என்றார்கள், நேரம் என்றார்கள், கர்த்தருடைய சித்தம் என்றார்கள். அந்த ஒரு சரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, பியூலாவும் சொல்லவில்லை. ஆனால் படுத்தால் எழுந்தால் அவளை ஒரே கேள்விதான் பிடுங்கித் தின்றது. அந்த மனிதர் தன்னை நம்பித்தான் ட்ரோனை மேலே ஏற்றினாரா? நம்பியே செத்துப்போனாரா?

கிருபாவுக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கடையில் வேலை பார்ப்பவன். குரல், ஒலி என்றால் சாப்பாடு தண்ணி வேண்டாம். மைனி வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை என்று பார்த்து, ரிமோட்டில் சேர்ந்து கிடந்த ஆறு வருடப் பதிவுகளை எடுத்து இந்தப் பெட்டியைச் செய்தான். வீட்டில் கிடந்த பழைய ட்ரோன் ஒன்றைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தயார் செய்தான். இரண்டு குரல் வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் உயிர் இருக்க வேண்டும் என்று இல்லை. ரிமோட் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

"இது டேப் ரிக்கார்டர் இல்ல மைனி," என்று முதலிலேயே சொல்லியிருந்தான். "பழைய பேச்சை அப்படியே திருப்பிப் போடாது. நீங்க ஒண்ணு சொன்னா அண்ணன் அடுத்து என்ன சொல்லுவானோ, அதைக் கணிச்சு அவன் குரல்ல சொல்லும்."

அந்தப் பயத்துக்கு நடுவிலும் முதல் மாதம் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பொட்டலுக்கு ட்ரோன் விட வரும் மற்ற நாலைந்து பேரும் ஜெபசிங்கின் குரல் கேட்டதும் தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் வாரம், இரண்டு கேள்விகளுக்கு நடுவே பெட்டி தொண்டையைச் செருமியது. ஐந்தாம் வாரம், "காத்து?" என்று கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் தாமதித்தது. அவர் அப்படித்தான், வானத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கேட்பார். கண்ணில்லாத பெட்டி எதை நிமிர்ந்து பார்த்தது?

பிறகு அவள் அதை வீட்டிலும் அணைக்காமல் வைத்தாள். ஒரு நாள் சாயந்திரம் நாகர்கோவிலிலிருந்து அவள் அக்கா போனில் கூப்பிட்டாள். "எப்படி இருக்கட்டி? சாப்பிட்டியா?"

"நல்லா இருக்கேங்க்கா. இப்பதான் சாப்பிட்டேன்."

சாப்பாட்டு மேஜையில் இருந்த பைக்குள்ளிருந்து, "த்ச். பொறு," என்று கேட்டது.

அக்கா அந்தப் பக்கம் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஏட்டி, யாரு அது? யாரு அங்க?" பியூலா போனை வைத்துவிட்டாள். அன்று அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அக்கா அதற்குப் பிறகு ஒரு மாதம் போன் பண்ணவில்லை.

பொட்டலுக்கு வரும் சங்கரவேல் சார், கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர், தனக்கும் ஒன்று செய்து தரும்படி கிருபாவைக் குடைந்து எடுத்துவிட்டார். "சும்மா, சோதனைக்குத்தான்பா. நானும் வீட்டுக்காரியும் சேந்து வாசிச்ச பதிவு மூணு வருசத்துக்கு இருக்கு," என்றார். கிருபாவும் செய்து கொடுத்தான். பெட்டியை அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார். மனைவியிடம் அவர் என்ன கேட்டார், அந்த அம்மா எதற்குச் சரி சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. மூன்றே வாரத்தில் அந்த அம்மா பெட்டி படுக்கையோடு மதுரைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சாரும் அதற்குப் பிறகு பொட்டல் பக்கம் தலை காட்டவில்லை. வேறு யார் கேட்டாலும் கிருபா முடியாது என்று சொல்லிவிட்டான்.

அதற்கு அடுத்த வாரம்தான் பியூலா அவன் கடைக்கு நேரே போனாள். கடையின் பின்னால் காது சோதிக்கும் அறை ஒன்று உண்டு. சுவரெல்லாம் பஞ்சு அடைத்து, கதவைச் சாத்தினால் தன் ரத்தம் ஓடுகிற சத்தமே தனக்குக் கேட்கும். அங்கே வைத்துத்தான் கேட்டாள்.

"கிருபா, அன்னைக்கு உள்ள பதிவு இருக்குல்லா? கடைசி நாளு."

அவன் மேஜையில் கிடந்த ஹெட்போனை எடுத்து வயரைச் சுருட்டினான். "எதுக்கு மைனி அது இப்ப?"

"அன்னைக்கு நான் பேட்டரியைப் பாக்கலப்பா. பாக்காமலே சரின்னு சொன்னேன்."

சொல்லிவிட்டாள். ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்தது வாய்வழியாக வந்துவிட்டது. கிருபா அதிர்ந்துபோவான், கத்துவான், வெளியே போ என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீ முன்னாலயே கேட்டிருக்கியா?"

"பெட்டி செய்யணும்னா எல்லாத்தையும் கேக்கணும்லா மைனி." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "முதல்ல அந்த நாளையும் சேத்துத்தான் அதைப் பழக்கினேன். ஆனா ஒழுங்கா வரல. உங்க பொய்ச் சரியை வேணும்னே அதுக்குப் போட்டுக் காட்டினா, மத்த எல்லாத்துக்கும் பொறுன்னு சொல்லுது. பேட்டரிக்கு மட்டும் சில நேரம் சொல்லுது, சில நேரம் கேட்டும் கேக்காத மாதிரி அடுத்ததுக்குப் போயிருது. எங்க கோளாறுன்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சேன். கடைசியில அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துப்போட்டேன். சரியாயிட்டு."

"கேட்டும் கேக்காத மாதிரியா?" பியூலா ஹெட்போனுக்குக் கையை நீட்டினாள். "போடு அதை. நான் கேக்கணும்."

"வேண்டாம் மைனி."

"போடுங்கேன்!"

அவன் ஹெட்போனைக் கொடுத்தான். காற்றின் இரைச்சல். எங்கோ ஒரு லாரி. ஜெபசிங்கின் குரல், "பேட்டரி?" ஒரு தட்டுச் சத்தம். அவளுடைய குரல், வெடுக்கென்று, "சரி."

"த்ச்."

அவ்வளவு சின்னதாக, பல்லுக்கும் நாக்குக்கும் நடுவே. அந்தப் பொட்டல் காற்றில், பத்தடி தூரத்தில் நின்றிருந்த அவளுக்கு அன்று அது கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. அவர் கழுத்தில் மாட்டியிருந்த ரிமோட்டுக்குக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வெறும் காற்று. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. வர வேண்டிய வார்த்தை வரவில்லை.

"காத்து?" என்றார் ஜெபசிங்.

பியூலா ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். "பாவி மனுசா!" என்று அலறினாள். பஞ்சுச் சுவர் அந்த அலறலை அப்படியே விழுங்கியது. "தெரிஞ்சிருக்கு! நான் பாக்கலன்னு தெரிஞ்சிருக்கு! ஒரு வார்த்தை சொன்னா என்ன? பொறுன்னு சொன்னா முதல்ல பேசினதா ஆயிருமாம்! தோத்துப்போயிருவாராம்! நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு ஏழு மாசமா செத்துப் பிழைக்கேன். இவரு கேட்டுக்கிட்டே நின்னிருக்காரு கிருபா!" சுவரில் குத்தினாள். குத்தியும் சத்தம் வரவில்லை. பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதாள். "நானும் அப்படித்தானப்பா. நானும்தான் கார்லயே உக்காந்திருந்தேன்."

கிருபா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த நாளைத் திரும்பச் சேரு," என்றாள்.

"என்ன மைனி சொல்லுதீங்க? அதைச் சேத்தா பெட்டியை நம்ப முடியாது. நீங்க பொய் சொன்னாலும் விட்டுரும். ஆபத்து."

"என்னைக்கும் தப்பே பண்ணாத ஒரு ஆளோட குரலு எனக்கு எதுக்கு? அது யாரோ. எனக்கு என் புருசன் வேணும், அந்த ரோசக்காரன். அவருகிட்ட நான் ஒண்ணு சொல்லணும். முழு ஆளா இருந்தாத்தான் சொல்ல முடியும்."

கிருபா கீழே கிடந்த ஹெட்போனை எடுத்து, வயரை மறுபடியும் சுருட்டினான். "சரி மைனி," என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் வேறு யாரும் இல்லை. காற்றும் செத்துக் கிடந்தது. பாத்திகளில் தேங்கிய நீர் அசையாமல் வெள்ளை வானத்தை வாங்கி வைத்திருந்தது. பியூலா பெட்டியை பானெட்டின் மேல் வைத்தாள். கிருபா அதன் பொத்தானுக்குப் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றான்.

இறக்கை, மோட்டார், கேமரா, கால், திசைகாட்டி. ஒவ்வொன்றாக அவர் கேட்டார், அவள் தொட்டுப் பார்த்துச் சொன்னாள்.

"பேட்டரி?"

பியூலா அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"பாக்கல," என்றாள்.

பெட்டி பேசவில்லை. ஆறு வருடத்தில் அப்படி ஒரு பதில் அதன் காதில் விழுந்ததே இல்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி போனது. கிருபா பெட்டியின் சின்ன விளக்கைக் குனிந்து பார்த்தான். அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அன்னைக்கும் பாக்கலங்க," என்றாள் பியூலா. "கோவத்துல சும்மா ஒரு தட்டுத் தட்டிட்டுச் சொல்லிட்டேன்."

"தெரியும்," என்றார் ஜெபசிங்.

கிருபாவின் கை பொத்தானிலிருந்து தானாக விலகியது. பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல் இடுக்கில் வழிந்தது. எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தாள்!

"கேட்டியா கிருபா? அந்த நாளைச் சேத்ததும் சொல்லிட்டாரு பாத்தியா?"

கிருபா கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "மைனி, நான் சேக்கல."

"என்னது?"

"அந்த நாளைச் சேக்கல. உங்க உசுரோட விளையாட எனக்கு மனசு வரல. அன்னைக்கு உங்ககிட்ட ஒரு பேச்சுக்குத்தான் சரின்னேன்." அவன் பெட்டியைக் கைகாட்டினான். "இதுக்குள்ள அந்த ஞாயித்துக்கிழமை கிடையாது. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைகதான் இருக்கு. காத்து ஜாஸ்தியா இருக்குன்னு நீங்க சொன்னா அண்ணன் தெரியும்பான்லா, அந்த வார்த்தையை எடுத்திருக்கும். அப்படித்தான் இருக்கணும்." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நம்பாதவன்போல் பெட்டியைப் பார்த்தான்.

"காத்து?" என்று கேட்டார் ஜெபசிங்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேட்டரியைப் பார்க்கவில்லை என்று அவள் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அவர் பொறு என்று சொல்லவில்லை. அன்றைக்குப் போலவே அடுத்ததற்குப் போய்விட்டார். அந்த நாளை அறியாத பெட்டி அது. அந்த மௌனம் அன்று ஒரு நாள் கோபத்தில் வந்தது இல்லை என்று பியூலாவுக்குப் புரிந்தது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அது அவருக்குள் இருந்திருக்கிறது. அவள் அதைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அவள் குனிந்து பேட்டரியைக் கழற்றினாள். பானெட்டின் சமமான இடத்தில் வைத்து ஒரு மூலையை அழுத்தினாள். எதிர்மூலை எழும்பியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி ஆடியது. அடிவயிறு உப்பிப்போய், தொட்டால் இளஞ்சூடாக இருந்தது.

"ஐயோ மைனி," என்றான் கிருபா. "மேல போயிருந்தா பாத்திக்குள்ளதான் விழுந்திருக்கும்." எடுக்கப் போகிறவர் யார் என்று அவன் சொல்லவில்லை.

"காத்து?" என்று குரல் மறுபடியும் கேட்டது. கோபமில்லை, அவசரமில்லை. கூப்பிடுகிற குரல் மாதிரிகூட இருந்தது.

"அதை அணைச்சிருவோம் மைனி," என்று கிருபா கையை நீட்டினான். பியூலா அவன் கையைத் தடுத்தாள். பெட்டிக்கு அருகில் போய், அதன் உயரத்துக்குக் குனிந்தாள்.

"பேட்டரி வீங்கியிருக்குங்க. நீங்க கேக்காட்டாலும் நான் பாத்துட்டேன். இன்னைக்குப் பறக்கல. இனிமேலும் பறக்கல. நான் இருக்கணும்னு நினைக்கேன், உங்ககிட்ட வர்றதுக்கு எனக்கு இன்னும் நேரம் இருக்கு. புரியுதா?"

நாய் எங்கோ ஒருமுறை குரைத்து அடங்கியது. பெட்டியின் விளக்கு அசையாமல் எரிந்தது. ஆறு வருடமும் கேள்வி கேட்கிற இடத்திலேயே இருந்தவர் அவர். பதில் சொல்கிற வேலை எப்போதும் அவளுடையது.

"சரி," என்றார் ஜெபசிங்.

பியூலா நிமிராமல் அப்படியே நின்றாள். அது மனதோடு சொன்ன சரியா, ஒரு பேச்சுக்குச் சொன்ன சரியா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்குப் பிடிபடவில்லை. அதைக் கண்டுபிடிக்கிற காது அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது.